ஜூன் மாசத்துல பாய்லர்

ரெஜிஸ்: ஜூன் மாசத்துல மனுஷ ஒடம்புக்கு வெந்நீர் தேவையே கிடையாது, ஒதில். ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றேன்.

ஒதில்: எப்போ பண்ண ஆராய்ச்சி? கரண்ட் ஹீட்டரக் கழட்டி மாதாகோயிலுக்குத் தானம் குடுத்தியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ரெஜிஸ்: பின்னாடி. அவசரப்பட்டு ஆராய்ச்சி பண்ணக்கூடாது.

ஒதில்: யோவ்…

ரெஜிஸ்: குளிர்காலத்துல எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு! கொல்லையில வெறகு பாய்லர், வீட்டுக்குள்ள நான் மாட்டின தகட்டுப் பெட்டி. ஒரு பக்கம் பாய்லர் தண்ணி, மறுபக்கம் குழாய்த் தண்ணி. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாது, சூடு மட்டும்…

ஒதில்: ஆவி பறந்துச்சுய்யா, ஒத்துக்கறேன். ஆனா மே மாசம் பாய்லர அணைப்போமே, அது ஒனக்குத் தோணவே இல்லையா? இருபத்திரெண்டு வருஷமா மே மாசந்தான் அணைக்கிறோம்.

ரெஜிஸ்: …அது ஒரு சின்ன விவரம்.

ஒதில்: சரி, ஒரு மணி நேரம் பாய்லர மூட்டு.

ரெஜிஸ்: யாரு, நானா? பக்கத்து வீட்டு நோர்மான் மாதிரியா? ஒரு அக்குளக் கழுவ ஒரு மேப்பிள் மரம்! போன வாரம் அவன் மூட்டினப்போ, ரோம்ல பொகை விட்டுச் சொல்லுவாங்களே, அப்படிப் புதுப் போப்பாண்டவர் கெடச்சிட்டாரான்னு கேட்டேன். கோயில் வாசல்ல எல்லாரும் சிரிச்சாங்க.

ஒதில்: சிரிச்சாங்க. சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயி வெந்நீர்ல குளிச்சாங்க.

ரெஜிஸ்: நான் மூட்டினா பொகை கனடா வரைக்கும் தெரியும். அப்புறம் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா?

ஒதில்: மாடிப்படியில பெட்டி இருக்கு, பாத்தியா?

ரெஜிஸ்: எந்தப் பெட்டி?

ஒதில்: என் பெட்டி. சாயங்காலத்துக்குள்ள குழாய்ல வெந்நீர் வரலேன்னா நான் மதவாஸ்காவுக்குக் கெளம்பறேன். தங்கச்சி வீட்டுக்கு.

ரெஜிஸ்: எத்தன நாளைக்கு?

ஒதில்: அக்டோபர் வரைக்கும். நீ பாய்லர் மூட்டுற வரைக்கும்.

ரெஜிஸ்: வெளையாட்டுக்குத்தானே சொல்ற?

ஒதில்: பல்லு வெளக்குற பிரஷ்ஷக்கூட எடுத்து வச்சிட்டேன்… யோவ், எங்க போற?

ரெஜிஸ்: கொல்லைக்கு. கறுப்பு ஈ ஜாஸ்தியா இருக்கு, ஓட்டிட்டு வரேன்.

* * *

நோர்மான்: யாரு, ரெஜிஸா? பாய்லருக்குப் பின்னாடி குந்திக்கிட்டு என்னய்யா பண்ற?

ரெஜிஸ்: ஈ ஓட்டறேன்.

நோர்மான்: பாய்லர் கதவத் தெறந்து வச்சா?

ரெஜிஸ்: பெரிய ஈ.

நோர்மான்: மேப்பிள் கட்டைய எரிச்சா?

ரெஜிஸ்: மெதுவாப் பேசுய்யா! வேலியோரமா ஆளுங்க போறாங்க.

நோர்மான்: சரி சரி. ஒம் பெண்டாட்டி சொன்னது சரியாத்தான் இருக்கு.

ரெஜிஸ்: அவ என்ன சொன்னா? எப்போ சொன்னா?

நோர்மான்: நேத்து. எங்க வீட்டுக் குளியலறையிலேர்ந்து தலையத் துவட்டிக்கிட்டே வந்தா. “மூணு வாரமா ஒங்க வெந்நீரக் காலி பண்ணிட்டேன், நோர்மான். நாளையிலேர்ந்து வரமாட்டேன், எங்க வீட்டுலயே வந்துரும்”னா.

ரெஜிஸ்: அந்தப் பெரிய கட்டைய எடுத்துக் குடு. சத்தம் போடாம.