சீட்டு விழாத தெரு

திட்டம் பலன் தந்ததா என்று பார்ப்பது சமையலில் உப்புப் பார்ப்பது மாதிரி இல்லை சார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிட முடியாது. உதவி கிடைத்த தெரு வேண்டும், கிடைக்காத தெருவும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுதான் என் வேலை.

அந்தத் திட்டம் பிள்ளை பெற்ற பெண்களுக்கானது. நர்ஸ் ஒருத்தர் வாராவாரம் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து பேசுவார். மனசு தளர்ந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவார். எந்தத் தெருவுக்கு என்று சீட்டுக் குலுக்கினோம். என் தங்கை இருந்த தெருவுக்கு விழவில்லை.

அவள் போன் பண்ணினாள். "அண்ணா, குழந்தைய தூக்கவே கை வரமாட்டேங்குது. அந்த நர்ஸம்மாவ ஒரு தடவ வரச் சொல்லேன்."

"உனக்குன்னு செஞ்சா கணக்கே கெட்டுடும்மா. ரிப்போர்ட் முடியட்டும், எல்லாத் தெருவுக்கும் வருவாங்க."

"அதானே. ஒரு மிட்டாய ரெண்டா உடைக்க ஸ்கேல் எடுத்துட்டு வந்தவனாச்சே நீ" என்று சிரித்தாள். சிரிக்கிறாளே, தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். கூப்பிட்டு விசாரித்தேன்.

"போற வழியில ஒரு எட்டு பாத்தேன் சார். உங்க கூடப் பொறந்த பொண்ணு. முகமே சரியில்ல. தனியா விடாதீங்க."

"ஆளாளுக்கு ஒரு எட்டு பாத்தா நான் எதை எதோட ஒப்பிடறது? இனிமே அங்க போனா உங்களுக்கு வேலை இருக்காது" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

நானும் போகவில்லை. அண்ணன் போய் உட்கார்ந்து ஆறுதல் சொன்னால் அதுவும் உதவிதானே. அவள் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நர்ஸ் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மத்தியானம் குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஆற்றில் கிடைத்தாள்.

அறிக்கையில், உதவி கிடைக்காத தெருக்களின் கணக்கில் அவளையும் சேர்த்தேன். சொந்தம் என்று விட்டிருந்தால் அது நேர்மையில்லை. அதற்கப்புறம் திட்டத்தின் பலனில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது எல்லாத் தெருவுக்கும் நர்ஸ் போகிறார், அவள் தெருவுக்கும்தான்.

குழந்தைக்கு அவள் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறதாம். நான் பார்க்கவில்லை. அதை வளர்க்கும் எங்கள் அம்மா என்னிடம் தூக்கக் கொடுப்பதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து, ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் அவசியம் என்று அம்மாவுக்கு விளக்க வேண்டும். புரிந்துவிட்டால் குழந்தையைக் கொடுத்துவிடுவாள்.