பண்ணையாருக்கு மூணு வரி

…இப்ப பின்வரிசையில இருந்து ஒரு அம்மா எந்திரிச்சுக் கேட்டாங்களே, "கதைன்னா வில்லன் இருந்தே ஆகணுமா? நல்லவங்களை மட்டும் வச்சு எழுதக் கூடாதா?"ன்னு. நல்ல கேள்வி. விளக்கம் சொன்னா நீங்க தூங்கிடுவீங்க. அதனால ஒரு குட்டிக் கதையா சொல்லிடறேன். உங்க கையில இருக்கிற காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பஸ் டிப்போ. அங்க சுடலைமுத்துன்னு ஒரு டிரைவர், ஞானதிரவியம்னு ஒரு கண்டக்டர். எட்டு வருசமா ஒரே வண்டி. பொங்கலுக்குப் பொங்கல் டிப்போக்காரங்க சேர்ந்து நாடகம் போடுவாங்க. எழுதுறது யாரு? சுடலைமுத்து. கதாநாயகன் யாரு? அதுவும் சுடலைமுத்து. வில்லன் ஞானதிரவியம். வேற யாரும் அந்த வேசத்துக்கு வர மாட்டாங்க… அடி வாங்கணும் இல்லையா?

நாடகம் என்னன்னா, பண்ணையார் குளத்து மதகைப் பூட்டி வச்சிருக்காரு. ஊர்ப் பயிர் காயுது. கதாநாயகன் வந்து பூட்டை உடைக்கிறான். அவ்வளவுதான். ஆனா பண்ணையாருக்கு ரெண்டு பக்க வசனம். "கரை உடைஞ்ச அன்னைக்கு எவன் மண்வெட்டி எடுத்துட்டு வந்தான்? எங்க பாட்டன் வெட்டின குளம்… நான் காத்த கரை"ன்னு ஞானதிரவியம் பேசுனா, 'அட, இவரு சொல்றதும் நியாயம்தானே'ன்னு நமக்கே தோணிடும். ஒத்திகையில டிப்போவே கைதட்டுச்சு. யாருக்கு? வில்லனுக்கு.

கதாநாயகனுக்குப் பொறுக்குமா?

அதுவும் அந்த வருசம் அவருக்கு ஒரு பெரிய கவலை. வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் பண்ணவரு. மாமனார் வேலாயுதம் பதினோரு வருசமா இவரோட ஒரு வார்த்தை பேசலை. இந்தத் தடவை ரெண்டாம் நாள் நாடகம் அந்த மாமனார் ஊர்லயே நடக்குது. மனுசன் முன்வரிசையில வந்து உக்காருவாரு. மருமகன் யாருன்னு அன்னைக்குக் காட்டியாகணும். அதனால பேனாவை எடுத்தாரு… பண்ணையாரோட ரெண்டு பக்கத்தை மூணு வரியா வெட்டினாரு. மிச்ச இடத்தைத் தன் வசனத்தை வச்சு ரொப்பிக்கிட்டாரு. ஞானதிரவியம் வாங்கிப் பார்த்தாரு, சரின்னுட்டுப் போயிட்டாரு.

முதல் நாள் டிப்போ வாசல்ல நாடகம். பண்ணையார் வந்தாரு, மூணு வரி சொன்னாரு, வாயை மூடிக்கிட்டாரு. கதாநாயகன் பத்து நிமிசம் கத்துனாரு. கத்திட்டு, விட்டாரு பாருங்க ஒரு அறை. முன்னால உக்காந்திருந்த ஒரு அம்மா எந்திரிச்சு நின்னாங்க.

"யய்யா… அவரு பாட்டுக்கு சும்மா நிக்காரு. எதுக்குய்யா போட்டு அடிக்கீரு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. ஊருக்குத் தண்ணி வாங்கித் தர வந்தவன் ரவுடி ஆயிட்டான், பண்ணையார் பாவப்பட்ட ஆளாயிட்டாரு.

மறுநாள் காலையில டீக்கடையில சுடலைமுத்து கேட்டாரு. "இப்படி ஆகும்னு உமக்கு முன்னமே தெரியுமாவே?"

"தெரியும்."

"பெறவு ஏன்வே சொல்லல?"

"சொன்னா, கைதட்டுக்கு அலையுதான்னு நினைப்பீரு. நான் பெரிய ஆளா நின்னாத்தானவே, என்னை ஜெயிக்க நீரும் பெரிய ஆளு."

சுடலைமுத்துக்கு வெக்கமாப் போச்சு. அங்கேயே உக்காந்து ரெண்டு பக்கத்தையும் திருப்பி எழுதிக் கொடுத்தாரு… கூட அஞ்சு வரியும் சேர்த்து.

அன்னைக்கு சாயங்காலம் மாமனார் ஊர். பண்ணையார் பேசப் பேச ஊரே வாயடைச்சுப் போச்சு. இவனை எப்படி ஜெயிக்கப் போறான்னு எல்லாருக்கும் பதைப்பு. கதாநாயகன் கத்தவே இல்லை. மெதுவாத்தான் கேட்டான். "குளத்தை உங்க பாட்டன் வெட்டினாரு, சரி. உள்ள கிடக்கிற தண்ணியும் அவரா கொண்டுவந்தாரு?" பூட்டு உடைஞ்சுது. ஊரே எந்திரிச்சு நின்னுச்சு.

நாடகம் முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால வேலாயுதம் வந்தாரு.

"மாப்ள… வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

பதினோரு வருசம் கழிச்சு! சுடலைமுத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பத்தான் மாமனார் ஓரமாப் பார்த்தாரு. ஞானதிரவியம் ஒட்டு மீசையைப் பிச்சிக்கிட்டு இருக்காரு. வேலாயுதம் முகம் கடுத்துப் போச்சு. "அந்த ஆளை மட்டும் கூட்டிட்டு வராதீங்க"ன்னாரு. ஞானதிரவியத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்கா? மனுசன் பூரிச்சுப் போயிட்டாரு.

சுடலைமுத்து அவர் கையைப் பிடிச்சு முன்னால இழுத்தாரு. "மாமா, இவரு இல்லாட்டா இன்னைக்கு நான் யாருமில்ல. வந்தா ரெண்டு பேருமாத்தான் வருவோம்."

ரெண்டு இலை போட்டாங்க.

அம்மா, உங்க கேள்விக்குப் பதில் வந்துடுச்சா? வில்லன் எதுக்குன்னா, நம்மாளு எவ்வளவு பெரியவன்னு காட்டுறதே அவன்தான். சரி, நாடகத்தை விடுங்க. நாம தினமும் வீட்டுக்குப் போய்க் கதை சொல்றோமே? ஆபீஸ்ல சண்டை, அண்ணன் தம்பிக்குள்ள சண்டை, சம்பந்தி வீட்டோட சண்டை… அதுல நமக்கு எத்தனை பக்கம்? எதிராளிக்கு எத்தனை வரி? "அவன் என்னமோ சொன்னான், நான் கேட்டேன் பாரு"ன்னு ஆரம்பிக்கிறோம். அவன் சொன்ன அந்த 'என்னமோ' என்ன? அதை நாம சொல்றதே இல்லை, வெட்டிடறோம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தச் சண்டையை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. அவங்க பேசினதை அவங்க பேசின மாதிரியே, ஒரு வரி விடாம சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் உங்க பக்கம்தான் நியாயம்னு பட்டா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. படலைன்னா… போன் பண்ணி அவங்களைச் சாப்பிடக் கூப்பிடுங்க.