ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து

வழக்கறிஞர் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்பு புகார்தாரர் அளித்த வாக்குமூலம்.

பெயர்: ஏலவார்குழலி. வயது: 43. கணவர் பெயர்: வீரபாகு (காலமானவர்). தொழில்: பட்டு நூலுக்குச் சாயம் போடுதல். முகவரி: பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். வீட்டின் பின்பக்கம் நானும் என் கணவரும் சாயப்பட்டறை வைத்திருந்தோம். சாயத் தண்ணீர் போகும் கால்வாய் சம்பந்தமாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு முற்றி, என் கணவர் தள்ளியதில் அவருக்கு மண்டை உடைந்தது. அதை நான் மறைக்கவில்லை. அதன்பேரில் போலீசார் கொலை முயற்சி வழக்குப் பதிந்து என் கணவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கைதாகும்போதே, கொதிநீர் பட்ட புண் வலது காலில் ஆறாமல் இருந்தது. ஜாமீனில் எடுத்துக் காலைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான், சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வக்கீல் திருஞானசம்பந்தம் அவர்களிடம் வழக்கைக் கொடுத்தேன்.

கீழ்க்கோர்ட்டில் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. அதன் பிறகு மாவட்டக் கோர்ட்டில் மனு போட வேண்டும். அவர் போடவில்லை. அப்போது இந்த வழக்கறிஞர் கவுன்சிலுக்கே தேர்தல் வந்திருந்தது, அவர் வேட்பாளராக நின்று ஊர் ஊராகப் போய் வக்கீல்களிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் பிடித்துக் கேட்டதற்கு, "எலெக்சன் முடியட்டும்மா. உன் வீட்டுக்காரரு எங்க ஓடிடப் போறாரு, உள்ளதான இருக்காரு" என்று சொன்னார்.

அதன் பிறகு சிறையில் மனு போட்டு என் கணவரைப் பார்த்தேன். காலில் துணி சுற்றியிருந்தார். "இப்பல்லாம் வலியே இல்ல குழலி, மரத்துப்போயிடுச்சு. நாத்தம் அடிக்குதுன்னு பக்கத்துலதான் யாரும் படுக்கறதில்ல" என்றார். சர்க்கரை வியாதிக்காரருக்கு வலி தெரியாமல் போனால் கால் அழுகுகிறது என்று எனக்குத் தெரியும்.

அங்கிருந்து நேராக வக்கீல் கலாவதி அவர்களிடம் போனேன். அவர் மனுவை உடனே தயார் செய்தார். ஆனால் வேறு வக்கீலின் வக்காலத்து நிலுவையில் இருக்கும்போது, அந்த வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம் என்றார். ஒரு கையெழுத்துதானே என்று நானும் நம்பிப் போனேன்.

திருஞானசம்பந்தம் அவர்களின் ஆபீசில் அன்று நிறைய வக்கீல்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரில் வக்காலத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. என்னை வாசலுக்கு அழைத்து வந்து, "ஓட்டு கேட்டுக்கினு இருக்கறேன்மா. இந்த நேரத்துல என் கேஸ் கட்டு வேற வக்கீல் கைக்குப் போச்சுன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க? போ, நானே பாத்துக்கறேன்" என்றார். காலில் விழுந்தேன். யாராவது பார்க்கப் போகிறார்கள், எழுந்திரு என்று அதட்டினார். அதன் பிறகும் அவர் மனு போடவில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் என்று நான் சொல்ல, அந்த வார்த்தை வேண்டாமே என்று குழுவினர் கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு கலாவதி அவர்கள், பழைய வக்கீல் கையெழுத்து இல்லாமலே ஆஜராக அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனு கொடுத்தார். பழைய வக்கீலுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வாய்தா போட்டார்கள். அந்த வாய்தாவுக்கு முன்பே என் கணவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது காலைத் தொடைக்குக் கீழே எடுத்திருந்தார்கள். விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்றார்கள். அவர் கண் திறக்காமலே இறந்துபோனார்.

வேறு வக்கீல் வைக்கப்போவதாக நான் அவரிடம் கேட்கவே இல்லை என்றும், கேட்டிருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றும் எதிர்தரப்பான திருஞானசம்பந்தம் அவர்கள் தன் பதிலுரையில் எழுதியிருக்கிறார். அது சுத்தப் பொய். அன்று அங்கே இருந்த வக்கீல்களில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு திருஞானசம்பந்தம் அவர்களே எனக்குப் போன் செய்து, இறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். கோர்ட் திறக்கும் முன்பே கோட் மாட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார். சான்றிதழைத் தாக்கல் செய்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட என் கணவர், இறந்துவிட்டார் என்று எழுந்து சொன்னார். வழக்கு அன்றே முடித்து வைக்கப்பட்டது. வெளியே வந்ததும் என்னிடம், "கேஸ் முடிஞ்சிடுச்சும்மா, இனிமே உனக்கு அலைச்சல் இல்ல" என்றார். செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே நாளில் செய்ய அவருக்குத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் இனி யாருக்கும் வக்கீலாக நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவை யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டவை. அத்தனையும் உண்மை, யார் தூண்டுதலும் இல்லை.

(ஒப்பம்) வீ. ஏலவார்குழலி