மச்சான் பிடித்த கயிறு

இரவு பதினொரு மணி இருக்கும். லுணுகலையிலிருந்து மேல் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் மலைப் பாதை. பனிமூட்டம்... ஒற்றை லொறி மட்டும் முனகி ஏறியது.

நம்மோடு வேலை பார்க்கும் தனுஜாவின் சித்தப்பா புவனேந்திரன் அதில் இருந்தார். பக்கத்தில் மன்னாரிலிருந்து வந்த கிழட்டு மரத்தோணி. பழைய பங்களாவை ஹோட்டலாக்கிய முதலாளி, பூந்தோட்டத்தில் வைத்து விருந்தாளிகள் படமெடுக்க அதை வாங்கியிருந்தார்.

"மழ பேஞ்சா லயத்து வீட்டுக்கு வீடு தோணி ஓட்டலாம், மச்சான்" என்று சிரித்தான் ஜெயகுமார். புவனேந்திரனின் மனைவி யசோதினிக்கு அண்ணன்; இருவருக்கும் அந்தப் பங்களாவில்தான் வேலை.

லொறிக்காரர் முன்ஸிப் சிரிக்கவில்லை. பங்களா வாசலில் இறங்கியதும் சொன்னார்.

"இது முத்துச் சிப்பி எடுத்த தோணி தம்பி. கடலுக்குள்ள முத்துக் குளிக்கிறவன்ட இடுப்புக் கயிற பொண்டாட்டிட அண்ணன் தம்பிதான் புடிப்பான். அவன் கூடப்பொறந்தவள தாலியறுக்க வைப்பானா? ஒருக்கா தோணி முதலாளி, அந்தச் சம்மாட்டி, அவன வெலக்கிட்டு, வேறொருத்தன்ட கையில கயிறக் குடுத்தான்... குளிச்சவன் மேல வரல்ல. அந்த மச்சான்காரன் சாகும்வரைக்கும் தோணிய விட்டு எறங்கவே இல்லயாம்."

செத்த பிறகு இறங்கினானா என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போதே இறக்கு என்றார் முதலாளி. சரிவு. தோணியில் கட்டிய கயிற்றைச் சவுக்கு மரத்தில் சுற்றி, ஜெயகுமார் இறுக்கிப் பிடித்தான். தோணிக்கு அடியில் தவழ்ந்து உருளைக் கட்டை வைத்தார் புவனேந்திரன்.

"நீ போய்த் தள்ளுடா. கயிற நான் புடிக்கிறேன்" என்று ஜெயகுமாரிடம் சொன்னார் முதலாளி.

"வேணாங்க ஐயா. அடியில எங்க மச்சான் இருக்காரு."

"சொன்னதச் செய்!"

ஜெயகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தான். கொஞ்ச நேரம்தான். முதலாளியின் போன் அடித்தது. கயிற்றை விட்டுவிட்டார்.

சர்ர்... கட்டைகள் உருண்டன. புவனேந்திரனின் நெஞ்சில் அடிப்பலகை வந்து முட்டியது. மூச்சு நின்றது. அழுகிய சிப்பி நாற்றம், அவ்வளவு குளிரிலும் குபீரென்று... பிறகு, தோணி நின்றது.

மேலே கயிறு விறைத்து நின்றது. பிடித்திருக்க யாருமில்லை. மரத்துக்குப் பின்னால் மட்டும் யாரோ பல்லைக் கடித்து மூச்சிரைக்கும் சத்தம்.

ஜெயகுமார் அவரை இழுத்து வெளியே போட்டான். அடுத்த நொடி கயிறு தளர்ந்தது. தோணி பாய்ந்து பள்ளத்தில் நொறுங்கியது.

"என் தங்கச்சி தாலியில போன் பேசுறியா?" ஜெயகுமார் முதலாளியின் சட்டையைப் பிடித்தான். அதுவரை அவரை 'ஐயா' என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

விடிந்ததும் முன்ஸிப் சவுக்கு மரத்தடியைக் காட்டினார். குதிகாலை ஊன்றி யாரோ மல்லுக்கட்டியதுபோல் இரண்டு ஆழமான குழிகள். இரண்டிலும் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார் புவனேந்திரன்.

உப்பு.

அந்தக் குழிகளை ஒட்டியிருந்த தேயிலை அந்த மாதமே கருகியது. அடுத்த மாதம் அதற்கு அடுத்த வரிசை. மற்றப் பக்கமெல்லாம் பச்சை... கருகல் பங்களாப் பக்கம் மட்டுமே நகர்கிறது. இப்போது முதலாளியின் படுக்கையறை ஜன்னலுக்கு இன்னும் ஒரு வரிசைதான்.

அவர் உள்ளேதான் இருக்கிறார்.