கிளிப் படத்துக்குப் பின்னால்

கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனு குப்பையாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. எந்த புரோகிராமை ஏற்றினாலும் அது தன் பங்குக்கு நான்கு ஷார்ட்கட்டுகளை அங்கே கொட்டிவிட்டுப் போகும். நான் வேண்டாததை அழித்து, தினமும் தேவைப்படுவதை மேலே கொண்டுவந்து வைப்பேன். இரண்டாயிரத்தில் தணிகாசலம் முதலாளியின் டிசைன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது, யாரும் சொல்லாமல் நானாகச் செய்த முதல் வேலை அதுதான்.

சரவணன் மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். அப்போதே சொல்லியிருப்பேன். உங்கள் தங்கை பக்கத்தில் இருந்தாள். முதலாளி விற்ற பழைய கம்ப்யூட்டர் வேலூரில் உங்கள் சர்வீஸ் கடைக்கே வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை, காலை பத்து ஐந்துக்கு இரண்டு ஷார்ட்கட்டுகளை யாரோ மாற்றியதாகத் தேதி காட்டுகிறது, யார் அது என்று கேட்டீர்கள். மாற்றினால் நேரம் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது. பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன்.

நீங்கள் அந்த மெஷினைப் பார்த்ததில்லை. தறியில் சேலைக்கு டிசைன் விழ வேண்டுமென்றால் ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்ததை வைத்து பஞ்சிங் மெஷின் அந்த ஓட்டைகளைப் போடும். மெஷினுக்குக் கட்டளை இரண்டு. ஒன்று அட்டை அடிப்பது. நிறைய இரும்பு ஊசிகள் கொண்ட தலை தடதடவென்று இறங்கும். மற்றது சுத்தம் செய்வது. தலை மேலேயே நிற்கும், அடியில் உருளை மட்டும் ஒரு பல் நகரும். உருளையில் சிக்கிய அட்டைத் துகளைக் கைவிட்டு எடுக்க அதுதான் வழி.

எங்கள் கடைக்கு வேலைக்கு வருபவர்கள் பலருக்கு இங்கிலீஷ் ஓடாது. அதனால் மெனுவில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டு, பக்கத்தில் படம் வைத்தேன். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம். கிராஃப் தாளில் சேலைக்குப் புட்டா போடுகிற ஊரில் அது பெரிய வித்தை இல்லை. டிசைன் வரைய அன்னம், அட்டை அடிக்க மயில், சுத்தம் செய்யக் கிளி. ஒரே வாரத்தில் எல்லோரும் "மயிலப் போடு", "கிளியப் போடு" என்றுதான் பேசினார்கள். எண்ணை யாரும் பார்க்கவில்லை. படத்துக்குப் பின்னால் எந்த புரோகிராமின் பாதை எழுதியிருக்கிறதோ அதுதான் ஓடும், படம் எதுவானாலும். அந்த இடத்தை என்னைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை.

நைட் ஷிஃப்டை நானே கேட்டு வாங்கினேன். ஆட்கள் குறைவு, பேச்சு குறைவு. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் ஒன்பது வரை உட்கார்ந்திருப்பேன். ஒன்பதுக்குப் பரிமளா கம்ப்யூட்டர் வேலைக்கு வருவாள்.

"இன்னா மாமா, இன்னும் தூங்கப் போவல? கண்ணு ரெண்டும் செவசெவன்னு கீது" என்பாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மணி நேரம். முறைப்படி எனக்கு வரவேண்டிய பெண். அதனால் உங்கள் வீட்டில் வந்து நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு ஜீவானந்தம் சேர்ந்தான். களம்பூர்க்காரன், அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர். பகல் ஷிஃப்டில் பஞ்சிங் மெஷின் அவன் பொறுப்பு. முதல் நாளே மெனுவைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணா இது, கிளியா காக்காவா? மூக்கு வாய்க்குள்ள பூந்துகினு கீது."

பரிமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடமாக அந்தப் பறவையைத் தினமும் பார்த்தவள், என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவன் உட்கார்ந்து நான்கே நான்கு கட்டங்களை மாற்றினான். கிளியாகிவிட்டது. "இப்பதான்டா இது கிளி. பாலு போட்டது கோழிக்குஞ்சு" என்றார் முதலாளி. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அவன் மயிலைத் திருத்தியது மறுவாரம். முந்தானை டிசைன் வரையத் தொடங்கியது அதற்கடுத்த மாதம். வியாபாரிகள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். நான் ராத்திரி முழுக்க அவன் வரைந்ததற்கு ஓட்டை போட்டேன்.

பிறகு அவனும் பரிமளாவும் கல்யாணம் வரைக்கும் பேசிக்கொண்டது தெரியவந்தது. அப்போதும் நான் பதறவில்லை. அவன் என்ன ஆள், நீங்கள் என்ன ஆள். இதை ஊர் பார்த்துக்கொள்ளும், நாம் கை வைக்கத் தேவையில்லை என்று இருந்தேன். உங்கள் அப்பா சிவப்பிரகாசம் மாமா ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அவர்மீது இன்னும் வருத்தம் உண்டு. மற்ற அப்பாக்கள் மாதிரி அவரும் நடந்திருந்தால் ஒருவனுடைய விரல்கள் மிஞ்சியிருக்கும்.

வியாழக்கிழமைதோறும் முதல் வேலை மெஷினைச் சுத்தம் செய்வது. ஜீவானந்தம் உள்ளே கையை விட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "பரிமளா, கிளி" என்பான். அவள் கிளியை அழுத்துவாள். உருளை நகரும். துகளை எடுத்துவிட்டு மறுபடி "கிளி" என்பான். மெஷினுக்கு மூடி உண்டு. வேலை ஜல்தியாக நடக்க அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். கழற்றியது நான் இல்லை.

தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை காலை, என் நைட் ஷிஃப்ட் முடிவதற்கு முன்னால், கிளிக்குப் பின்னால் மயிலின் பாதையையும் மயிலுக்குப் பின்னால் கிளியின் பாதையையும் எழுதினேன். இரண்டு நிமிட வேலை. அன்று மட்டும் ஒன்பது வரை காத்திருக்காமல் ஆறுக்கே கிளம்பிவிட்டேன்.

ஒன்பது இருபதுக்கு நடந்திருக்கிறது. வலது கையில் மூன்று விரல்கள். எனக்கு ஆள் வந்து சொன்னபோது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பரிமளா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் அங்கே உட்காருவது வழக்கம் என்பதால் யாரும் கேட்கவில்லை. பாதைகளை முன்பிருந்தபடி எழுதினேன். நீங்கள் பார்த்த பத்து ஐந்து அதுதான்.

"நான் கிளியத்தான் தொட்டேன் மாமா. சத்தியமா கிளியத்தான்" என்றாள்.

சாயங்காலம் முதலாளி வந்து எல்லோர் முன்னாலும் கிளியை அழுத்திப் பார்த்தார். உருளை ஒரு பல் நகர்ந்தது. தலை அசையவில்லை. மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் அப்படித்தான். யாரும் அவளைத் திட்டவில்லை. அவளைப் பார்க்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் போய், "கிளிக்கு மேலயே மயிலு கீது பரிமளா. கை நழுவியிருக்கும். யாரா இருந்தாலும் நடக்கறதுதான்" என்றேன். அவள் தன் ஆள்காட்டி விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நம்பத் தொடங்கினாள்.

கட்டுப்போட்ட கையோடு ஜீவானந்தம் உங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தான். கதவுக்கு வெளியே நின்று, "எனக்கு உம்மேல கோவமே இல்ல. ஒரு வார்த்த பேசு, போதும்" என்றான். அவளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வெளியே வரவில்லை. திரும்பிப் போகும்போது தெருமுனையில் என்னைப் பார்த்துவிட்டு நின்றான்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணா. வெரலு போனது கூட எனக்குப் பேஜாரா இல்ல. அவ மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இப்போது படவேட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறான் என்று கேள்வி.

கை போகும் என்று தெரியாமல் செய்தாயா என்று அடுத்து கேட்பீர்கள். வியாழக்கிழமை என்று தெரியும். கை உள்ளே இருக்கும் என்று தெரியும். மெஷின் தானாகக் கெட்டு அவன் கை போயிருந்தால், பரிமளா அன்றைக்கே அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் குணம் உங்களுக்குத் தெரியும். வேறு எவனாவது தப்பாக அழுத்தியிருந்தாலும் அதேதான். அவள் அழுத்தினால் மட்டும்தான் அவனை விட்டுப் போவாள். அதை நான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். நான் செய்ததில் யாரும் வந்து திருத்த முடியாமல் போன ஒரே வேலை அது.

ஒன்றரை வருடம் கழித்து நான் பெண் கேட்டபோது, இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டிருந்த மாமா அழுதுவிட்டார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு பாலு உனக்கு" என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

பரிமளாவை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவள் இன்றைக்கும் மிக்ஸி சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். நான் போய்ப் பார்த்து, "போடு" என்றால்தான் போடுவாள். மாதத்தில் ஒரு தடவையாவது, அரிசி களைந்துகொண்டிருக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, "நான் மயிலத்தான் தொட்டனா மாமா?" என்று கேட்டுவிட்டு அழுவாள். ஆமாம், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லையே என்பேன். தலையைத் தடவிக்கொடுப்பேன். அடங்குவாள். இதை வேறு யாராலும் இவ்வளவு பொறுமையாகச் செய்ய முடியாது.

போலீஸில் சொல்வதானால் சொல்லுங்கள் மச்சான், நான் எங்கேயும் ஓட மாட்டேன். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்தால் ரொம்ப அழுவாள், அப்போது அவளைத் தேற்றுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?