மாங்கனிக்குப் போகிறோம்

“தை மாசத்துல எங்கயாச்சும் மாங்கனித் திருவிழா நடக்குமா?”

போலகம் போகும் பேருந்தில் இப்படிக் கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள் முன்சீட்டு அம்மா. ஜன்னலோரம் பள்ளிச் சீருடையில் அவள் மகள். பக்கத்தில் இருந்தவள் மடியில் புதுப் பனியன் பொட்டலம்.

“புரியலக்கா.”

“இந்த மாதிரி பனியனுக்கு நூல் சுத்துற மில்லுலதான் இவள அடைச்சு வச்சிருந்தாங்க. வீட்டுக்கே விடல. போன் பேசுனா வார்டன் பக்கத்துலயே நிப்பா. ‘நல்லாருக்கேம்மா, தை மாசம் மாங்கனிக்குக் கூட்டிட்டுப் போ’ன்னா. நம்மூர்ல அது ஆனியிலல்ல? ஏதோ தப்புன்னு தெரிஞ்சிருச்சு. மறுநாளே லேபர் ஆபிசரக் கூட்டிட்டு மில்லு வாசல்ல போயி நின்னேன்.”

“வார்டனுக்குப் புரியலையா?”

“மாம்பழம் எறியிற திருவிழாவ அவ எங்க கண்டா?”

அரசலாற்றுக் காற்று மூவர் தலையையும் கலைத்தது. மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

“என்னை மட்டும்தான் அனுப்பப் பாத்தாங்க சித்தி. நான் ஆஸ்டல்ல கூட அடைஞ்சு கெடந்த பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு இறங்குனேன். ‘எங்கடி போறீங்க?’ன்னு வார்டன் கேட்டா. நம்மூரையே பாக்காத பிள்ளைங்கல்லாம் ஒரே குரலா சொல்லுச்சுங்க, ‘மாங்கனிக்கு’ன்னு.”