மாடிக்கு வந்த டீ

— பிடி அக்கா, சீக்கிரம். ரெண்டு டம்ளரும் கையைச் சுடுது.

— அப்படி வை. டேய், தெருவுல அந்த நீலச் சட்டைக்காரரைப் பாரு. இடப்பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறார். இடுப்புத் தசையில வலுவே இல்ல, பாவம்.

— வலது கையில தண்ணி கேன் தூக்கிட்டுப் போறாருக்கா.

— ஓ... ஆமா. கேனை நான் பார்க்கவே இல்ல.

— பரீட்சை முடிஞ்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு. இன்னும் விடியறதுக்கு முந்தியே எழுந்து வீட்டை அளந்துக்கிட்டு இருக்கே. நேத்து அம்மா கழுத்தைப் பிடிச்சே. அப்பா கணுக்காலைத் திருப்பினே. பக்கத்து வீட்டு மாமா உன்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தறார்.

— அவருக்குத் தோள்பட்டை இறுகிப் போயிருக்குடா!

— அவர் கேட்டாரா? சரி விடு. திங்கக்கிழமை வந்து சேரச் சொன்னாங்களே, அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொன்னே டாக்டரம்மா?

— இன்னும் சொல்லல. வரலைன்னு சொல்லிடப் போறேன்.

— என்னது! பக்கவாதம் வந்தவங்களை நடக்க வைக்கற வார்டு. இதுக்குத்தானே தவம் கிடந்தே?

— கிடந்தேன்தான். ஆனா நான் அங்க ஊரையே நடக்க வெச்சுக்கிட்டு இருக்க, நீ இங்க ஸ்டிக்கை ஊனிக்கிட்டு... மனசு ஒப்பலடா. நீ வண்டியிலேர்ந்து விழுந்து படுத்ததாலதானே நான் இந்தப் பிசியோ படிப்புலயே சேர்ந்தேன்? மூணாம் வருஷம் இனிமே படிக்க முடியலைன்னு பெட்டியோட ஓடி வந்தவ, நீ ஸ்டிக்கோட வாசல்ல நின்னதைப் பார்த்துதானே திரும்பிப் போனேன்? பட்டம் வந்துடுச்சு. உன் கால் அப்படியே இருக்கு. எனக்கே வெட்கமா இருக்கு.

— டீ ஆறுது. குடி.

— குடிக்கறேன். என் போன் எங்க? இப்பவே சொல்லிட்டாதான் இந்தப் படபடப்பு அடங்கும்.

— இரு இரு. பிராக்டிகல் பரீட்சையில மாடிப்படி கேள்வி கேட்டாங்கன்னியே, என்னது அது?

— ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல. ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கையில ஸ்டிக். மூச்சு விடாம சொன்னேன், கேட்டவரே அசந்துட்டார். இப்ப எதுக்கு அது?

— பெரிய கெட்டிக்காரிதான். இந்த மொட்டைமாடிக்கு டீ எப்படி வந்துச்சு?

— நீதான் கொண்டாந்தே. ரெண்டு கையிலயும்... டேய். ஸ்டிக் எங்கடா?

— கீழ, பீரோவுக்குப் பின்னால.

— நட. அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் நட. ம்... திரும்பு. அய்யோ, குதிகால் சரியா ஊனுதே! முழங்கால் முழுசா நீளுதே! நான் மடக்கும்போதெல்லாம் அப்படிக் கத்துவியேடா!

— கத்தினது நிஜம்க்கா. உன் பிடி அப்படி.

— சிரிக்காத. அறைஞ்சுடுவேன். அம்மாவுக்குத் தெரியுமா?

— நீ ஹாஸ்டல்லேர்ந்து வர்றேன்னு போன் பண்ணினதும் ஸ்டிக்கைத் தேடி எடுத்துக் கொடுக்கறதே அவங்கதான்.

— எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி... எப்பலேர்ந்துடா?

— மூணாம் வருஷம் நீ பெட்டியோட வந்தியே, அன்னிக்கு உன்கிட்ட நடந்து காட்டணும்னுதான் ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு வாசல்ல காத்திருந்தேன். தெருமுனையில நீ அழுதுக்கிட்டே வர்றதைப் பார்த்ததும், ஓடிப் போய் எடுத்துக்கிட்டேன்.